பார்சல் கோழியும் பழுதான சிறுநீரகமும்

ரிப்போர்ட்டைக் காட்டி, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவருகே நின்று திரும்பிக் கேட்பார்: “சார், சிக்கன் சாப்பிடலாமா?” வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். சிறுநீரக மருத்துவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: “குறைச்சுக்குங்க.” எதைக் குறைப்பது? கோழியையா, உப்பையா, எண்ணெயையா? வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சொல் “டாக்டர் கவுச்சியே தொடக்கூடாதுன்னுட்டார்” என்று ஆகிவிடும். ஒரு மாதம் மோர்சாதம், அவித்த காய். பிறகு ஒரு சனிக்கிழமை ராத்திரி, யாரும் யாரையும் கேட்காமல், ஒரு சிக்கன் 65 பார்சல் வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்தப் பார்சலைப் பிரித்துப் பார்ப்போம். வெள்ளித் தாள் பூசிய உறை. உள்ளே எண்ணெய் ஊறிய சிவந்த துண்டுகள், மொறுமொறுவென்று பொரிந்த கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், வட்டமாக நறுக்கிய வெங்காயம், ஒரு எலுமிச்சைத் துண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-இல் தொடங்கிய புகாரி ஓட்டல், இந்தப் பண்டத்தை 1965-இல் தான் அறிமுகப்படுத்தியதாகச் சொல்கிறது. அதன் பக்கத்திலேயே பட்டியலில் இருக்கும் சிக்கன் மஞ்சூரியன், 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் செய்தது என்பார்கள். சில்லி சிக்கன், கிரில், தந்தூரி என்று மீதிப் பட்டியலும் ஏறக்குறைய அதே குடும்பம்: ஊறவைத்து, மாவில் புரட்டி, பொரித்தோ சுட்டோ எடுத்து, சில வேளைகளில் மறுபடி சாஸில் பிரட்டியது.

நம்மவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சிவப்பு நிறம். “கலர் போட்டிருக்கான், கிட்னிக்கு ஆகாது” என்று ஒதுக்கி வைப்பார்கள். அனுமதியில்லாத சாயங்களைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு அந்தப் பார்சலில் இருக்கும் அவசரமான பிரச்சினைகள் வெள்ளை நிறத்தவை. ஒன்று உப்பு. இன்னொன்று, கண்ணுக்கும் நாக்குக்கும் தட்டுப்படாத பாஸ்பேட்.

சிறுநீரகம் வேலை செய்யும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். வடித்ததை அப்படியே வெளியே விட்டால் அரை மணி நேரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி தீர்ந்துபோகும். எனவே வடித்ததில் ஒன்றிரண்டு லிட்டர் போக மற்றதெல்லாம் உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டுச் சாமான் அத்தனையையும் வாசலில் இறக்கி, வேண்டியதை மட்டும் பொறுக்கித் திரும்ப உள்ளே வைப்பது மாதிரியான ஏற்பாடு. வடிந்த சோடியத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் இப்படித் திரும்பி வருகிறது. இந்த வேலையைச் செய்யும் நுண்குழாய்களான நெஃப்ரான்கள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம். சர்க்கரை நோயிலோ ரத்தக் கொதிப்பிலோ அழிந்த நெஃப்ரான் மறுபடி முளைப்பதில்லை. மிஞ்சியவை தம் பங்குக்கு மேல் உழைக்கின்றன.

அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் பாரி பிரென்னரும் அவருடைய சகாக்களும் 1982-இல் முன்வைத்த கருத்து இந்த இடத்தில் முக்கியமானது. மிஞ்சிய நெஃப்ரான்களின் கூடுதல் உழைப்பே அவற்றை அழிக்கிறது என்றார்கள் அவர்கள். புரதம் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு நெஃப்ரானின் வடிகட்டிக்குள் நுழையும் நுண்தமனிகள் விரிகின்றன, வடிகட்டும் வேகம் கூடுகிறது. நல்ல சிறுநீரகத்துக்கு இது பொருட்டே அல்ல. முக்கால்வாசி நெஃப்ரான்களை இழந்த சிறுநீரகத்தில், ஏற்கெனவே அதிக அழுத்தத்தில் இருக்கும் வடிகட்டிகள் மேலும் அழுத்தத்துக்கு உள்ளாகின்றன. புரதத்தைக் குறைத்தால் நோய் எவ்வளவு மெதுவாகும் என்று அளக்க அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1994-இல் வெளியானபோது, கிடைத்த பலன் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகவே இருந்தது. எனவே இன்றைய பரிந்துரை நிதானமானது. வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் ‘eGFR’) 60-க்குக் கீழே இறங்கி, டயாலிசிஸ் தொடங்காதவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் சாப்பிடலாம். 1.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சிலருக்கு மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து இதைவிடக் குறைவாகவும் வகுப்பார்கள்.

60 கிலோ எடையுள்ளவருக்கு 0.8 என்பது 48 கிராம். வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. காலை இட்லியிலும் மதியச் சாம்பாரிலும் ஏற்கெனவே இருபது கிராம் போயிருக்கும். ஆக, ராத்திரிக்கு உள்ளங்கையில் அடங்கும் அளவு கறி சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். முழுப் பார்சலைத் தனியாளாக முடித்தால் கணக்கு உடையும். கோழிக்கு முழுத் தடை என்பது இந்த எண்களில் எங்கேயும் இல்லை. அளவு மட்டும்தான் பேச்சு.

உப்பின் கதை வேறு. சமைக்காத கோழிக்கறி 100 கிராமில் இயற்கையாக இருக்கும் சோடியம் எழுபது மில்லிகிராம் சொச்சம். மிகச் சாதுவான எண். இனி வழக்கமான ஒரு சில்லி சிக்கன் செய்முறையை எடுத்துக் கணக்குப் போடுங்கள். அரைக் கிலோ கறிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ். ஒரு தேக்கரண்டி உப்பில் 2,300 மில்லிகிராம் சோடியம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900. கூட்டினால் 5,000-ஐத் தாண்டுகிறது. அந்தச் சட்டியில் பாதியைச் சாப்பிட்டவருக்கு 2,600 வந்துவிட்டது. சிறுநீரக நோயாளிக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லப்படும் எல்லையே 2,000 மில்லிகிராம்தான். கூட வந்த பரோட்டாவிலும் சால்னாவிலும் இருக்கும் உப்பை இன்னும் சேர்க்கவில்லை. ஓட்டல் சமையலில் உப்பு ஒரே இடத்தில் சேர்வதும் இல்லை. ஊறவைக்கும்போது ஒரு முறை, மாவில் ஒரு முறை, சாஸ் வழியாக ஒரு முறை, கடைசியில் மேலே தூவும் மசாலாவில் ஒரு முறை.

அஜினோமோட்டோவைப் பற்றி இரண்டு வரி. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த இந்தச் சுவையூட்டிதான் நம் ஊரில் எல்லாப் பழிகளையும் சுமக்கிறது. அதில் சோடியம் 12 சதவீதம். சாதா உப்பில் 39 சதவீதம். “எங்க கடையில அஜினோமோட்டோ போடுறதில்ல” என்ற போர்டைப் பார்த்துச் சிறுநீரக நோயாளி நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

தங்கிய சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எட்டு ஒன்பது கிராம் உப்பை ரத்தத்தின் செறிவுக்குக் கரைத்து வைக்க ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைக் குடிக்க வைப்பதற்குத்தான் தாகம். நள்ளிரவில் எழுந்து சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பவரைப் பார்த்து “தண்ணிய குறைங்க” என்று அதட்டிப் பயனில்லை. சாயங்காலம் உள்ளே போன உப்பு அவரைக் குடிக்க வைக்கிறது. கணுக்கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் அடுத்த முறை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்று கிலோ கூடியிருந்தால் அந்தத் தண்ணீர் முழுவதையும் நான்கு மணி நேரத்துக்குள் இழுத்தாக வேண்டும். கை கால் குரக்களி பிடிப்பதும் பாதியில் பிரஷர் இறங்குவதும் அதனால்தான். இன்னொரு கோணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைப்பதற்காகத் தரும் டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற மாத்திரைகளின் வேலையை அதிக உப்பு மழுங்கடிக்கிறது.

இதற்கு மாற்றாகக் கடையில் விற்கும் ‘குறை சோடியம் உப்பு’ நல்ல யோசனையாகத் தோன்றும். இந்த நோயில் அது கெட்ட யோசனை. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது; ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்தைத் தாண்டிப் போகப் போக இதயத் துடிப்பே தடுமாறும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இத்தகைய உப்புகளைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைத்தது.

இனி பாஸ்பேட். கோழித் துண்டை விட இதன் பயணம்தான் எனக்குச் சுவாரசியமானது.

பாஸ்பேட்டின் மூலமான பாஸ்பரஸ் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. எனவே எல்லா உணவிலும் உண்டு. ஆனால் அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குடலில் உறிஞ்சப்படும் அளவு மாறும். பருப்பிலும் தானியத்திலும் அது ஃபைடேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. நம் குடலில் அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி போதுமான அளவு இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உள்ளே போகும். கறி, முட்டை, பாலில் இருப்பது பாதி அளவுக்கோ சற்று அதிகமாகவோ போகும். தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ எதனோடும் பிணைந்திருப்பதில்லை. 90 சதவீதத்துக்கு மேல் நேரே ரத்தத்துக்குப் போய்விடும்.

கோழிக்குள் அதை ஏன் சேர்க்கிறார்கள்? சோடியம் டிரைபாலிபாஸ்பேட் கரைசல் கறியில் ஏறும்போது அதன் காரத்தன்மை சற்றுக் கூடுகிறது, இறுகிக் கிடக்கும் தசைப் புரதங்கள் விலகுகின்றன, இடையில் தண்ணீர் தங்குகிறது. பொரித்தாலும் உலராமல், கடித்தால் சாறு வரும் மென்மை கிடைக்கிறது. எடையும் கூடுகிறது என்பது வியாபாரிக்குக் கூடுதல் லாபம். அமெரிக்காவில் இப்படி ‘மேம்படுத்தப்பட்ட’ கறிவகைகளை 2009-இல் ஷெர்மன், மேத்தா என்ற ஆய்வாளர்கள் சோதித்தபோது, சிலவற்றில் பாஸ்பரஸ் சாதாரணக் கறியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. அதே ஆண்டு கிளீவ்லாந்து பகுதியில் 279 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு குழுவுக்கு மளிகைக் கடையிலும் துரித உணவகத்திலும் பாஸ்பேட் சேர்த்த பண்டங்களை அடையாளம் கண்டு தவிர்க்க மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய ரத்தப் பாஸ்பரஸ் மற்றவர்களை விட டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியது. கறியை நிறுத்தச் சொல்லவில்லை, லேபிளைப் படிக்கத்தான் சொன்னார்கள்.

நம் ஊரில் ஒரு சாதகம் உண்டு. தெருமுனைக் கறிக்கடையில் கண்ணெதிரே வெட்டி வாங்கும் கோழியில் இந்தக் கரைசல் ஏற வாய்ப்பில்லை. உறைநிலைப் பெட்டியில் மாவு பூசி வரும் நக்கெட், பாப்கார்ன் சிக்கன், சாசேஜ் போன்றவைதான் சந்தேகத்துக்குரியவை. பாக்கெட்டின் பின்பக்கம் ஐ.என்.எஸ். 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்களில் எது இருந்தாலும் அது பாஸ்பேட். கருப்பு கோலா பானத்தில் இருக்கும் 338 பாஸ்போரிக் அமிலம். மொறுமொறுப்புக்காக மாவில் கலக்கும் பேக்கிங் பவுடரிலும் பெரும்பாலும் பாஸ்பேட் உண்டு. சோடியம் எவ்வளவு என்று லேபிளில் அச்சிட்டாக வேண்டும். பாஸ்பரஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பார்சல் பொட்டலத்துக்கோ லேபிளே கிடையாது.

கூடிய பாஸ்பேட்டை வெளியேற்ற எலும்பிலிருந்து எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோன் சுரக்கிறது. மிஞ்சிய நெஃப்ரான்களை முடுக்கி, அது பல ஆண்டுகள் ரத்தப் பாஸ்பரஸை இயல்பான அளவிலேயே நிறுத்தி வைக்கும். ரிப்போர்ட் நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஹார்மோன் ஏறிக்கொண்டே போவது இதயத் தசை தடிப்பதோடு தொடர்புடையது. கடைசியில் அதுவும் தோற்கும்போதுதான் பாஸ்பரஸ் எண் சிவப்பு மையில் வரும், தோல் அரிக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். 2011-இல் சிறுநீரக மருத்துவர் ஷேரன் மோவின் குழுவினர் ஒன்பது நோயாளிகளுக்கு ஒரு வாரம் சைவமும் ஒரு வாரம் அசைவமுமாக, பாஸ்பரஸ் அளவைச் சமமாக வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சைவ வாரத்தில் ரத்தப் பாஸ்பரஸும் எஃப்.ஜி.எஃப்.-23-உம் குறைந்திருந்தன. பருப்பில் பாஸ்பரஸ் அதிகம் என்று சாம்பாருக்கே தடை போடும் பழைய பட்டியல்கள் இன்னும் சில ஆஸ்பத்திரிச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றைத் திருத்த வேண்டிய காலம் வந்து வெகுநாளாகிறது.

“அப்ப நாட்டுக்கோழி சூப்?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். உடம்பு தளர்ந்தவருக்குச் சூப் வைத்துக் கொடுப்பது நம் வீடுகளின் முதல் வைத்தியம். நாட்டுக்கோழியோ பிராய்லரோ, புரதக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரச்சினை சூப்பில். கறியை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் கணிசமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். புரதம் பெரும்பாலும் கறியிலேயே நிற்கும். எனவே சிறுநீரக நோயாளி செய்ய வேண்டியது தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியைச் சாப்பிடுவது. நாம் கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் உப்பும் மிளகும் போட்டு நோயாளிக்குக் கொடுக்கிறோம்.

பார்சல் ருசியை வீட்டிலேயே கொண்டுவர இந்த வேதியியல் உதவும். எலும்பும் தோலும் இல்லாத கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு நீரை வடித்துவிடுங்கள். இஞ்சி பூண்டை வீட்டிலேயே அரையுங்கள். பாட்டிலில் விற்கும் விழுதில் உப்பு இருக்கும், ‘65 மசாலா’ பாக்கெட்டிலும் இருக்கும். மிளகாய்த்தூள், மிளகு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சோளமாவு. முட்டை வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதமும் ஐந்து மில்லிகிராம் பாஸ்பரஸும்தான். சிறுநீரக உணவியலில் அதற்கு நிகரான பண்டம் குறைவு. உப்பில்லாமல் ஊறவைத்துப் பொரியுங்கள். எண்ணெயில் கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, பச்சை மிளகாயைத் தாளித்து, அதில் துண்டுகளைப் பிரட்டி இறக்கும்போது நான்கு பேருக்குமாகக் கால் தேக்கரண்டி உப்பைத் தூளாக்கி மேலே தூவுங்கள். அந்த உப்பிலிருந்து ஆளுக்கு 150 மில்லிகிராம் சோடியம்கூட வராது. நாக்கு உணர்வது மேற்பரப்பில் இருக்கும் உப்பைத்தான். கறிக்குள்ளே ஊறியதில் பெரும்பகுதி ருசிக்காமலே விழுங்கப்படுகிறது. முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும். புளிப்பும் காரமும் அந்தக் குறையைப் பெருமளவு மறைத்துவிடும்.

கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் குழம்பு வகையை விட உலர்ந்த வகை பரவாயில்லை. தக்காளி கிரேவியில் பொட்டாசியமும் உப்பும் சேர்ந்தே வரும். தந்தூரித் துண்டு ஒன்றை வெள்ளைச் சோற்றோடு சாப்பிடுவதும், சில்லி சிக்கனை ஃப்ரைடு ரைஸோடு சாப்பிடுவதும் சிறுநீரகத்துக்கு ஒன்றல்ல. பொரித்த உருளைக்கிழங்கைத் தொடாமல் விடுவது நல்லது. பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைக்கும் செவலமர், கால்சியம் அசிட்டேட் போன்ற மாத்திரை எழுதித் தந்திருந்தால், அது சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும். எல்லாம் முடிந்து பத்தரை மணிக்கு ஞாபகம் வந்து விழுங்கினால், பிடிப்பதற்கு அங்கே பாஸ்பேட் மிச்சமிருக்காது.

டயாலிசிஸ் தொடங்கியதும் புரதக் கணக்கு தலைகீழாகிறது. டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-இல் நெதர்லாந்தின் காம்ப்பென் நகரில் நடைமுறைக்கு உதவும் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தபோது, ரத்தத்தை வடிக்க அவர் பயன்படுத்தியது சாசேஜ் அடைக்கும் செல்லோஃபேன் குழாய். கறிக்கடைப் பொருள் மனிதனைக் காப்பாற்றிய கதை அது. அன்று முதல் இன்றுவரை எந்த டயாலிசிஸ் சவ்வும் யூரியாவை மட்டும் பார்த்து வெளியே விடுவதில்லை; புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களும் கூடவே போய்விடுகின்றன, ஒரு முறைக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிராம் வரை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் திரவப் பை வாங்கி வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் தினமும் புரத இழப்பு உண்டு. எனவே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். நேற்றுவரை குறைக்கச் சொன்ன அதே வாய் இன்று கூட்டச் சொல்லும். பயந்துபோன பலர் பழைய பத்தியத்தையே தொடர்ந்து, சதை கரைந்து, அல்புமின் இறங்கிப் போய் நிற்கிறார்கள். இவர்களுக்குக் கோழி தேவையான உணவு. உப்பும் பாஸ்பேட்டும் இல்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர், நடுவில் சிவந்திருக்கும் கிரில் துண்டையும், மணிக்கணக்கில் வண்டியில் அலைந்த பார்சலையும், பச்சை முட்டை மயோனைஸையும் தொடக் கூடாது. தமிழக அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது எல்லோருக்குமாகத்தான். இவர்களுக்கு அது நிரந்தரத் தடை.

கடைசியாக, ரத்தப் பரிசோதனை. கறித் தசையில் இருக்கும் கிரியாட்டின் சமைக்கும் சூட்டில் கிரியாட்டினினாக மாறும். ராத்திரி கறி சாப்பிட்டவரின் காலை ரிப்போர்ட்டில், சிறுநீரகம் கெடாமலே, கிரியாட்டினின் சற்று ஏறியிருக்கும். பரிசோதனைக்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் கறி வேண்டாம் என்று சொல்வது அதற்காக. பன்னிரண்டு மணி நேரம் போதும். நம்மவர்களில் பலர் ஒரு வாரம் முன்பே பத்தியத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உப்பில்லை, கறியில்லை, கோலா இல்லை. எண்கள் அழகாக வருகின்றன. ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பார்சல் வாங்கப்படுகிறது. மருத்துவர் பார்ப்பது அந்த ஒரு வாரத்து ரத்தத்தை. அடுத்த மூன்று மாதத்துக்கான மாத்திரை அளவை அவர் எழுதுவதும் அதை வைத்துத்தான்.